கிழமைத் தவணையும் காலபோகமும்

வணிக முகாமைத்துவத்தைப் பாடமாகக் கற்றவர்கள் யாவரும் அறிந்த பயிற்சி ஒன்று உண்டு. ஒரு கம்பனியின் பெயரைத் தந்து, அதன் தந்திரோபாயம் யாது, சந்தைப்படுத்தும் முறை யாது, வழங்கற் சங்கிலி எவ்வாறு அமைந்துள்ளது, ஒழுக்கநெறியில் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என நான்கு தலைப்புகளின் கீழ் ஆராயுமாறு மாணவரைக் கேட்பதே அப்பயிற்சி. முதல் மூன்று தலைப்புகளுக்கும் பக்கங்கள் நிறையும். நான்காவதற்கு இறுதிப் பக்கத்தில் அரைப் பந்தி எஞ்சும். அந்த அரைப் பந்தியில் கம்பனி நூலகத்துக்குப் புத்தகங்கள் வழங்கியதும் மரம் நாட்டியதும் இடம்பெறும். மாணவனாக இருந்த காலத்தில் நானும் அவ்வாறே எழுதினேன். அவ்வாறு எழுதிய ஓர் அறிக்கைக்காக நல்ல புள்ளியும் பெற்றேன். அவ்வறிக்கையில் நான் காணத் தவறியவற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகிய தொழிற்பயிற்சிக்காக, ஏ9 வீதியோரத்தில் அமைந்திருந்த ஒரு நிதிக் கம்பனியின் கிளைக்கு நான் அனுப்பப்பட்டேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அக்காலத்தில் வன்னியில் அத்தகைய கம்பனிகள் பல இருந்தன. அவற்றின் நடைமுறையில் பெரிய வேறுபாடும் இல்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, அவ்வாண்டின் இறுதியில் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து சனங்கள் படிப்படியாகத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. திரும்பியவர்களுக்கு முன்னே கூரையில்லாத வீடும், பற்றை வளர்ந்த வயலும், தூர்ந்துபோன கிணறும் கிடந்தன. அவற்றைச் சீர்செய்யக் காசு வேண்டியிருந்தது. வங்கிகள் காணி உறுதியையும் பிணையாளிகளையும் கேட்டன. உறுதியோ இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. பிணை நிற்கத்தக்க அரச உத்தியோகத்தர் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கவில்லை. இந்த இடைவெளியைக் கண்டு அதற்குள் நுழைந்தவையே நுண்கடன் கம்பனிகள். ஒரு தேவையைப் பிறருக்கு முன்னே கண்டுகொள்ளுதல் நல்ல தந்திரோபாயம் என்று நூல்கள் கூறும். அந்த அளவில் அவற்றைக் குறைகூற இடமில்லை.

கிளையில் எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை, ஒரு வெளிக்கள உத்தியோகத்தரின் மோட்டார்ச் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்று, அவர் காசு வாங்கும்போது பதிவேட்டில் குறிப்பதாகும். அவருக்கு என்னிலும் மூன்று வயதுதான் கூடுதல். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து நிலையங்களுக்குச் செல்வோம். நிலையம் என்பது கட்டடமன்று. ஒரு பெண்ணின் வீட்டு முற்றம். பெரும்பாலும் ஒரு வேப்பமரத்தடி. அங்கே பெண்கள் ஐவர் ஐவராகக் குழுச் சேர்ந்து அமர்ந்திருப்பர். ஒருவர் கட்டத் தவறினால் ஏனைய நால்வரும் அத்தவணையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். காணி உறுதிக்குப் பதிலாகக் கம்பனி ஏற்றுக்கொண்ட பிணை இதுவே. சுருங்கச் சொன்னால், அயலவளின் முகமே அங்கு ஈடாக வைக்கப்பட்டது.

அக்கிளையின் மீளறவீட்டு வீதம் நூற்றை அண்மித்திருந்தது. எந்தக் கம்பனியும் பெருமைப்படத்தக்க எண் அது. என் அறிக்கையின் முதற்பக்கத்தில் அதனையே வைத்தேன். விளம்பரம் எதுவும் இல்லாமல் வீட்டுவாசலுக்கே சென்று கடன் கொடுத்தலைச் சிறந்த சந்தைப்படுத்தல் எனப் போற்றினேன். முதலாம் கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கு இரண்டாம் கடனைப் பெரிதாக வழங்குவதை வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் உத்தி என விளக்கினேன். கொழும்பிலுள்ள வங்கியிலிருந்தோ வெளிநாட்டு முதலீட்டு நிதியிலிருந்தோ புறப்படும் பணம், தலைமை அலுவலகம், கிளை, உத்தியோகத்தர், குழு என்னும் படிகளைக் கடந்து முற்றத்தைச் சேர்வதையும், தவணையாக அதே வழியில் திரும்புவதையும் அம்புக்குறிகளிட்டு வரைந்தேன். ஒழுக்கநெறி என்னும் தலைப்பின் கீழ், அக்கம்பனி பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கியதை எழுதினேன்.

அவ்வறிக்கையைச் செம்மை பண்ணிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தின் ஒரு வார இறுதியில், இரணைமடுவுக்கு அப்பால் மானாவாரியாக இரண்டு ஏக்கர் வயல் செய்யும் என் சின்னம்மாவிடம் போயிருந்தேன். போரின் இறுதி மாதங்களில் சித்தப்பாவை இழந்தவர் அவர், பிள்ளைகள் இருவர். நான் போனபோது அறுவடை முடிந்துகொண்டிருந்தது. வெட்டு இயந்திரம் ஒரு மூலையில் நின்றது. வரம்போரத்தில் ஒரு லொறியும் நின்றது. இயந்திரத்திலிருந்து கொட்டிய நெல் காயாமலே மூட்டைகளில் ஏறிற்று. மூட்டைகள் நேரே லொறியில் ஏறின.

"சின்னம்மா, ரெண்டு நாள் காயவிட்டு வித்தா நல்ல விலை வருமே?" என்று கேட்டேன். படித்தவனின் கேள்வி அது.

"வருந்தான் தம்பி. ஆனா திங்கள் ஒருத்தன் வருவான், புதன் இன்னொருத்தன் வருவான், வெள்ளி மற்றவன். நெல்லுக் காயுமட்டும் அவங்கள் காய்வாங்களே?"

திங்கள், புதன், வெள்ளி என அவர் சொன்னவை மூன்று கம்பனிகள். முதலாவதிடம் கோழிக்கூடு அமைக்கக் கடன் பெற்றிருந்தார். அதனைக் கட்டிக்கொண்டிருக்கையில் உரத்துக்கும் உழவு கூலிக்குமாக இரண்டாவது. முதலிரண்டின் தவணைகளை ஈடுசெய்ய மூன்றாவது. மூன்றும் கிழமைத் தவணைகள். அவரது வருமானமோ காலபோகத்தில் ஒருமுறை வருவது. ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டும் நெல் அது. குளத்து நீர் பாயும் காணியானால் சிறுபோகமும் உண்டு. மானாவாரிக் காணிக்கு அதுவும் இல்லை. கோழி முட்டையும் கூலி வேலையும் இடையில் சிறிது உதவின. ஆண்டில் ஒருமுறை வரும் வருமானத்தை வைத்துக்கொண்டு ஆண்டில் ஐம்பத்திரண்டு முறை கட்டவேண்டிய நிலைமை அது.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது, என் அறிக்கையின் முதற்பக்கத்தில் இருந்த எண் என் நினைவுக்கு வந்தது. நூற்றை அண்மித்த அந்த வீதத்துக்குள் என் சின்னம்மாவைப் போன்றவர்களின் ஈர நெல்லும் இருந்தது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். ஆயினும் அறிக்கையை மாற்றவில்லை. ஒப்படைக்க வேண்டிய திகதி நெருங்கியிருந்தது. மாற்றினால் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னம்மாவின் நெல் கம்பனியின் வழங்கற் சங்கிலியைச் சேர்ந்ததன்று. அதன் வாடிக்கையாளர் சேவையிலும் அது அடங்காது. நான் கற்ற பகுப்பாய்வு முறையில் அந்த நெல்லுக்கு இடம் இருக்கவில்லை.

இதனைச் சற்று ஆழமாக நோக்குதல் வேண்டும். நுண்கடன் முறையின் மூலம் நம் அயல் நாடாகிய வங்காளதேசம். 1976 இல் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்த முகம்மது யூனுஸ், பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஜோப்ரா என்னும் கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டொலர் கடன் வழங்கியதில் அம்முறை தொடங்கிற்று. 1983 இல் கிராமின் வங்கி நிறுவப்பட்டது. 2006 இல் யூனுசுக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஜோப்ராவில் முதலில் கடன் பெற்றவர்களுள் மூங்கில் முக்காலி பின்னும் பெண்களும் இருந்தனர் என்பது இங்கு கருதத்தக்கது. முக்காலி பின்னுபவளுக்கு நாளாந்தம் சிறு காசு கையில் புரளும். அவளுக்குக் கிழமைத் தவணை பாரமன்று. சிறுகச் சிறுகக் கட்டுவது அவளுக்கு வசதியுங்கூட. அம்முறை நெல் விளையும் வன்னிக்கு வந்தபோது, குழுவும் வந்தது, பிணையும் வந்தது, கிழமைத் தவணையும் வந்தது. அத்தவணையைப் பொருத்தமாக்கிய வருமான ஒழுங்கு மட்டும் கூட வரவில்லை. ஒரு தொழிலின் காலக்கணக்கு வேறொரு தொழிலின் மேல் அப்படியே ஏற்றப்பட்டது.

வன்னியில் இதற்கு முன் கடன் இருக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. கடைக்காரரிடம் சாமான் கடனாக வாங்கிச் சூடடித்தபின் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்ச்செய்கைக் கடன்கள் இருந்தன. பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடித்தனர். இவையெல்லாம் நீதியானவை என்றும் சொல்லமுடியாது. விதைப்புக் காலத்தில் காசு கொடுத்து, அறுவடையில் குறைந்த விலைக்கு நெல்லாக வாங்கிய வியாபாரிகள் பலர். ஆயினும் அந்தக் கடன்களிற் பல ஊரின் போகத்தை அறிந்திருந்தன. மழை பொய்த்த ஆண்டில் கடைக்காரரும் காத்திருக்க வேண்டியிருந்தது. விளைவில் ஏற்பட்ட நட்டத்தில் ஒரு பங்கு, விரும்பியோ விரும்பாமலோ, அவர் தலையிலும் விழுந்தது. புதிய முறையில் அந்தப் பங்கு முழுவதும் குழுவின் தலையில் விழுந்தது. வரட்சி கம்பனியின் கணக்கேட்டுக்குள் நுழையாதபடி ஐந்து பெண்கள் வாசலில் நின்று தடுத்தனர் எனலாம்.

வட்டியின் கணக்கையும் இவ்விடத்தில் பார்த்துவிடுதல் நன்று. ஏனெனில் சந்தைப்படுத்தலும் அறமும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. ஓர் எடுத்துக்காட்டாக, 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 வீத நேர் வட்டி என வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளுக்குப் பங்கிட்டால் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்பவருக்கு 24 வீதம் என்பதே காதில் விழும். ஆனால் முதலாம் கிழமையிலிருந்தே முதல் திரும்பிச் செல்லத் தொடங்குகிறது. அரை ஆண்டு கழியும்போது கடனாளியின் கையில் எஞ்சியிருப்பது 25,000 ரூபா மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக அவர் கையில் இருந்த முதல் ஏறக்குறைய 25,500 ரூபா. அதற்கு 12,000 ரூபா வட்டி என்றால் உண்மை வீதம் 47 அளவில் வந்து நிற்கும். இதில் பொய் ஏதும் இல்லை. எல்லா எண்களும் படிவத்தில் இருந்தன. ஆயினும் எந்த எண் உரத்துச் சொல்லப்பட்டது, எந்த எண் சொல்லப்படாமல் விடப்பட்டது என்பது ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தை எடுத்தவர் வேப்பமரத்தடிக்கு ஒருநாளும் வந்ததில்லை. கணக்கைச் செய்யத் தெரிந்த நானோ பக்கத்தில் அமர்ந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறையேனும் வாய் திறந்து விளக்கவில்லை.

நெல்லின் சங்கிலியை இதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழு வடிவம் புலப்படும். 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான நெற் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு நெல் வாங்குவது. ஆனால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லையே அது ஏற்கும். இயந்திரத்தில் வெட்டிய புது நெல் அதனிலும் ஈரமானது. காயவைக்கத் தளம் வேண்டும், சேமிக்க இடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சில நாள் காத்திருக்கும் வசதி வேண்டும். திங்கட்கிழமைத் தவணைக்காரிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நெல் வயலிலேயே வியாபாரியின் லொறிக்குப் போகிறது. தெற்கிலுள்ள பெரிய ஆலைகளுக்குச் செல்கிறது. சில மாதங்களின்பின் அச்சிட்ட பைகளில் அரிசியாக அதே வீதியால் திரும்பி வந்து கிளிநொச்சிக் கடைகளில் விலைப்படுகிறது. அரிசி ஆலைக்காரரின் வழங்கற் சங்கிலியை ஆராயும் மாணவர், அவருக்கு நெல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கு விளைச்சலையும் போக்குவரத்தையும் காரணமாகக் காட்டுவார். நிதிக் கம்பனியின் தவணை நாளும் அதற்கொரு காரணம் என்பதைக் காட்டமாட்டார். ஏனெனில் அது வேறொரு கம்பனி, வேறொரு பயிற்சி. நாம் கம்பனிகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறோம். சின்னம்மாவின் முற்றத்துக்கோ அவை எல்லாம் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தன.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தவை இதனை மேலும் தெளிவாக்கின. 2016 இன் இறுதியில் மாரி பொய்த்தது. நாடெங்கும் கடும் வரட்சி. சின்னம்மாவின் இரண்டு ஏக்கரும் கதிர் தள்ளுமுன்பே கருகின. தவணைகள் நிற்கவில்லை. ஒருநாள் அவரிடம் காசு இல்லாதபோது குழுவிலிருந்த அயல்வீட்டுப் பெண் தன் பங்கோடு அவரது பங்கையும் கட்டினார். அடுத்த கிழமை வேறொருவர். மூன்றாம் கிழமை யாரும் முகம் பார்த்துப் பேசவில்லையாம். அன்று பின்னேரம் தாலிக்கொடியை அடகுவைத்தார். முகாமிலும் காப்பாற்றி வைத்திருந்த கொடி அது. காசு போனதிலும் பார்க்க, ஒன்றாக இடம்பெயர்ந்து ஒரே கூடாரத்தில் கிடந்த பெண்கள் ஒருவரை ஒருவர் தவிர்த்து நடந்ததே தன்னை அதிகம் வருத்தியதாக அவர் பின்னர் சொன்னார். அத்தகைய உறவுக்கு எந்த ஐந்தொகையிலும் பெறுமதி இடப்படுவதில்லை. ஆயினும் கம்பனி ஈடாகப் பிடித்திருந்ததும், அறவிட்டு முடித்ததும் அதனைத்தான்.

இப்பிரச்சினை வன்னியோடு நிற்கவில்லை என்பதைப் பலரும் அறிவர். 2010 இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் இதே முறை நெருக்கடியில் முடிந்தது. அங்கே பெரிய நுண்கடன் கம்பனி ஒன்று பங்குச் சந்தையில் நுழைந்த அதே ஆண்டில், கடன் நெருக்கடியினால் எழுந்த அவலங்களைத் தொடர்ந்து மாநில அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கியதும், வீட்டுவாசலில் வசூலிப்பதைத் தடுத்ததும் அதன் முக்கிய ஏற்பாடுகளுள் அடங்கும். தவணையின் கால அளவையே ஒரு சட்டம் தொட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. அது பெரிதும் மக்களிடம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களை நோக்கியது. கடன் மட்டும் கொடுப்போர் பலர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட, வன்னி மாவட்டங்கள் உள்ளிட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து, பெண்களின் நுண்கடன் சுமையைத் தம் கவனத்தில் எடுத்தார். 2021 மார்ச் 8 ஆந் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அவர்கள் சிங்களப் பெண்கள். அவர்களும் நெல் விளையும் நாட்டவர்கள்.

2018 ஆம் ஆண்டு நிவாரணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேலாகத் தவணை கட்டாது நிலுவையில் கிடந்த கடன்களுக்கே அது உரியதாயிற்று. அறிவிப்பைக் கேட்டு நான் மகிழ்ச்சியோடு சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிரித்தார். அவரது கடன்கள் நிலுவையில் இருக்கவில்லை. ஈர நெல்லை விற்று, கொடியை அடகுவைத்து, ஒரு கடனை வாங்கி மறு கடனை அடைத்து, அவர் ஒழுங்காகக் கட்டியிருந்தார். மீளறவீட்டு வீதம் என்னும் அளவுகோலில் அவர் நல்ல கடனாளி. ஆகவே பாதிக்கப்பட்டவர் அல்லர். என் அறிக்கையை மயக்கிய அதே எண் அரசின் அளவுகோலையும் மயக்கிற்று. கட்டியவரெல்லாம் கட்ட இயன்றவர் என்று இரண்டும் கொண்டன. எதனை விற்றுக் கட்டினார் என்ற கேள்வியை நானும் கேட்கவில்லை. அவ்வளவுகோலை வகுத்தோரும் கேட்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. நான் சென்ற நிலையங்களில் கடனால் முன்னேறியவர்களும் இருந்தனர். தையல் இயந்திரம் வாங்கியவர், வீதியோரத்தில் சிற்றுண்டிக் கடை வைத்தவர், பால் மாடு வளர்த்துப் பாற்சபைக்கு நாளாந்தம் பால் ஊற்றியவர் ஆகியோருக்குக் கிழமைத் தவணை பொருந்திற்று. ஜோப்ராவின் முக்காலிக்காரியைப் போல அவர்கள் கையிலும் காசு புரண்டது. ஆகவே குற்றம் கடன் கொடுத்ததில் மட்டும் இல்லை. பால்காரிக்கும் நெற்காரிக்கும் வேறுபாடு காணாத ஒரே படிவத்தில் அது இருந்தது. அந்தப் படிவம் ஏன் மாற்றப்படவில்லை? மாற்றினால் கிளைக்கு மேற்பார்வைச் செலவு கூடும். பணம் சுழலும் வேகம் குறையும். முதலீட்டாளருக்குக் காட்டும் மாதாந்த எண் மேலும் கீழுமாக ஆடும். இவை வணிகக் காரணங்கள். அவற்றில் நியாயமும் இல்லாமலில்லை. ஆனால் அச்செலவை ஏற்காது விட்டபோது அது மறைந்துபோகவில்லை. முற்றத்தில் இருந்தவர்களின் செலவாக மாறிற்று. ஒரு செலவு யாருடைய கணக்கிலிருந்து யாருடைய கணக்குக்கு நகர்த்தப்படுகிறது என்பதே, என் மட்டில், வணிக ஒழுக்கநெறியின் முதற் கேள்வி. அக்கேள்விக்கு விடை மரநடுகையில் இல்லை. தவணை அட்டையில் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் முன்னோரின் ஒரு பாகுபாடு நினைவுக்கு வருகிறது. வாணிகர் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைப் பற்றிய குறளைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். துலாக்கோலை உவமையாகக் கொண்ட அதிகாரம் அது. வாணிகத்தை முதலில் செய்து முடித்து, அறத்தை இறுதியில் சேர்த்துக்கொள்ளும் ஒழுங்கை அவர் கருதியதாகத் தெரியவில்லை. தராசு ஒரு பக்கம் சாயும் கணத்திலேயே அறத்தின் கேள்வி பிறந்துவிடுகிறது. நாம் எழுதும் ஆய்வறிக்கைகளில் மட்டும் அது ஏன் கடைசி அரைப் பந்தியாயிற்று என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இப்போது நானும் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். நான்கு தலைப்புப் பயிற்சியை நானும் கொடுக்கிறேன். பாடத்திட்டம் அதைக் கேட்கிறது. ஆனால் நான்காம் தலைப்பை எடுத்துவிட்டு, முதல் மூன்று தலைப்புகளின் கீழும் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். தந்திரோபாயம் என்ற தலைப்பின் கீழ், இழப்பு வந்தால் அது யார் தலையில் விழுமாறு இது அமைக்கப்பட்டுள்ளது? சந்தைப்படுத்தல் என்ற தலைப்பின் கீழ், வாங்குபவர் அறியவேண்டிய எண் எது, அவர் காதில் விழுந்த எண் எது? வழங்கற் சங்கிலி என்ற தலைப்பின் கீழ், சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவருடைய ஆண்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? அத்துடன், கம்பனியின் தலைமையகத்திலிருந்து தொடங்காது, ஒரு வீட்டிலிருந்து தொடங்குமாறு மாணவரைக் கேட்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரு மாதத்தில் எத்தனை கம்பனிகள் வருகின்றன, என்ன கொண்டுவருகின்றன, என்ன கொண்டுபோகின்றன என்று பட்டியலிடச் சொல்கிறேன். முதலில் மாணவர்கள் தயங்குவார்கள். இது ஆய்வா என்று கேட்பார்கள். பெரும்பாலோர் தம் சொந்த வீட்டையே எடுத்து எழுதிக்கொண்டு வருவார்கள். அப்பட்டியல்களை வாசிக்கும்போது, என் அறிக்கைக்கு அன்று புள்ளி கிடைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

இக்கட்டுரையை எழுதும் எண்ணத்தை அண்மையில் சின்னம்மாவிடம் சொன்னேன். அவரது கடன்கள் முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வயல் மூழ்கியது. 2021 இல் இரசாயன உரம் கிடைக்கவில்லை. 2022 இல் எல்லாவற்றுக்கும் விலை ஏறிற்று. இவை எல்லாவற்றையும் கடந்து, மூத்த மகன் கொழும்பில் வேலைக்குப் போனபின்பே அவர் தலைநிமிர்ந்தார். தாலிக்கொடி திரும்பவில்லை. நான் சொன்னதை அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் கூறினார்.

"எழுது தம்பி. ஆனா காசு வாங்க வந்த அந்தப் பொடியனைக் குறை சொல்லிப் போடாத. அவனும் மத்தியானம் சாப்பிடாமல்தான் வந்து நிண்டவன்."

அவர் யாரைச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் பின்னால் அமர்ந்து சென்ற மோட்டார்ச் சைக்கிளை ஓட்டியவரும் பல நாள் மத்தியானம் சாப்பிடவில்லை. மாத இலக்கை எட்டாவிட்டால் அவர் சம்பளத்திலும் குறைவு விழும் என்பதை அன்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதனையும் நான் என் அறிக்கையில் எழுதவில்லை.